கலை வகுப்பு எங்கே நடக்கட்டும்: பள்ளியிலா, தெருமுனையிலா?

நான்கைந்து பேர் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறீர்கள், சொல்லிக்கொடுக்கத் தயாராக ஓர் ஓவியரோ நாடகக்காரரோ இருக்கிறார், நகரத்தில் தூரிகையைத் தொட்டே பார்க்காத குழந்தைகள் நிறைந்த ஒரு பகுதியும் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாயங்காலம் அந்தப் பகுதியிலேயே ஒரு மையம் நடத்தலாம் என்பார் ஒருவர். இல்லை, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய்விடலாம் என்பார் இன்னொருவர். திறமையுள்ள பத்துப் பேரைப் பொறுக்கி நல்ல கலைப்பள்ளியில் சேர்த்துவிடலாம், அருங்காட்சியகத்துக்குப் பேருந்தில் அழைத்துப் போகலாம், வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம் என்றெல்லாம் யோசனைகள் நீளும். எல்லாமே நல்ல மனசோடு சொல்லப்படுகிறவைதான். ஆனால் கையில் இருக்கும் பணமும் ஆளும் ஒன்றுக்குத்தான் போதும் என்னும்போது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளி நேரத்தில், முழு வகுப்புக்கும், ஒரே ஆசிரியர், குறைந்தது இரண்டு வருடம். இந்த முடிவுக்கு வர எனக்குப் பல வருடம் ஆனது. ஆரம்பத்தில் நான் சாயங்கால மையத்தின் பக்கம்தான் இருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு சின்னப் பெண். ஒரு சமுதாயக் கூடத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் ஓவிய வகுப்பு நடக்கும், நான் உதவிக்குப் போவேன். எட்டு, ஒன்பது வயதிருக்கும், இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வா என்றால், "தம்பி அழுவான் அக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பாள். ஒருநாள் கதவோரம் உட்கார்ந்திருந்த பையன் மரம் வரைந்துகொண்டிருந்தான், இலைக்கு அடித்த பச்சை ரொம்ப அடர்த்தியாகிவிட்டது, இவள் வாசலில் இருந்தபடியே, "மஞ்ச கொஞ்சம் கலந்துக்கடா, வெயில் பட்ட மாதிரி ஆகும்" என்றாள். அவன் கலந்தான், அப்படியே ஆனது. அவள் ஒரு தடவைகூட பிரஷ்ஷைப் பிடித்ததில்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்ததை வெளியே நின்றே பிடித்துக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் பதிவேட்டிலேயே இல்லை.

இது ஏதோ எங்கள் மையத்தின் குறை மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் வெனிசுவேலா பற்றிப் படித்தேன். ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு என்ற பொருளாதார அறிஞர், இசைக்கலைஞரும்கூட, 1975-இல் காரகாஸ் நகரில் தொடங்கிய 'எல் சிஸ்தேமா', ஏழைக் குழந்தைகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா மூலம் இசை சொல்லிக்கொடுப்பதில் உலகத்துக்கே முன்மாதிரியாகப் பேசப்படுவது. பள்ளி முடிந்த பிறகு, அந்தந்தப் பகுதியில் இருக்கும் மையத்தில் கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் முறை. எத்தனையோ நாடுகளில் இதைப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார்கள், ஸ்காட்லாந்தில் 2008-இல் ராப்லாக் என்ற பகுதியில் தொடங்கிய 'பிக் நாய்ஸ்' அதில் ஒன்று. சரி, இது உண்மையில் என்ன செய்கிறது என்று வெனிசுவேலாவிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 16 மையங்கள், 2,914 குழந்தைகள், குலுக்கல் முறையில் சிலரை ஒரு வருடம் முன்னால் சேர்த்து, மற்றவர்களை அடுத்த வருடம் சேர்த்து, இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் கொஞ்சம் கூடியது, வன்முறைக்கு நடுவே வளரும் பையன்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருந்தது. அந்தக் குழந்தைகள் வாழும் மாநிலங்களில் குழந்தை வறுமை 46.5 சதவீதம், வகுப்பில் சேர வந்த குழந்தைகளிடையே 16.7 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலவசம், கதவு திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம். அப்படியும் மிகவும் வறுமையில் இருப்பவர்கள் பெருமளவில் வந்து சேரவில்லை. பெயர் பதிவு செய்ய நேரமுள்ள அம்மா, கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்ப அழைத்துவர ஓர் ஆள், சாயங்காலம் வேறு வேலை இல்லாத குழந்தை, இவ்வளவும் சேர்ந்தால்தான் இலவச வகுப்புக்குக்கூட வர முடியும். தம்பியை இடுப்பில் வைத்திருப்பவளுக்கு இதில் ஒன்றும் இல்லை.

எல் சிஸ்தேமா தொடங்கிய மறுவருடமே, 1976-இல், நியூயார்க்கில் வேறொரு வழி தொடங்கியது. நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவின் நட்சத்திரமாக இருந்த ஜாக் தாம்ப்வாஸ், 'நேஷனல் டான்ஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற அமைப்பை ஏற்படுத்தி, பொதுப்பள்ளிகளுக்குள் பள்ளி நேரத்திலேயே நுழைந்தார். ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்ற பேச்சில்லை, வகுப்பில் உள்ள அத்தனை பேரும் ஆட வேண்டும், ஆசிரியரோடு ஒரு வாத்தியக்காரரும் வந்து நேரிலேயே வாசிப்பார். ஆடப் பிடிக்காது என்று முறைக்கிற பையனும் வரிசையில் இருப்பான், அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத பெண்ணும் இருப்பாள், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் எப்படியும் அந்த அறையில்தானே இருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே பாதி முடிவைச் செய்துவிடுகிறது. யாரும் தேடி வர வேண்டியதில்லை, யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் பள்ளிக்குள் போவதில் இருக்கும் தலைவலிகளை மறைத்துப் பேசினால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது கலை பீரியட்தான், கணக்கு டீச்சர் வந்து "இன்னிக்கு மட்டும்" என்பார், அந்த "இன்னிக்கு" ஒரு மாதம் ஓடும். பெஞ்சுகளை நகர்த்தவே பத்து நிமிடம் போய்விடும், நாற்பது நிமிட வகுப்பில் அது பெரிய இழப்பு. நாடகப் பயிற்சியில் குழந்தைகள் ஒரே ஒரு தடவை சேர்ந்து கத்தினால் போதும், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிடும். நீங்கள் வாங்கிக்கொடுத்த கிரேயானும் சார்ட் பேப்பரும் பத்திரமாக அலமாரியில் பூட்டிக் கிடக்கும், வீணாகிவிடுமோ என்ற பயத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள், வருடக் கடைசியில் புத்தம் புதிதாக அப்படியே இருக்கும். அதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது, பள்ளி என்றாலே சரி, தப்பு, மார்க் என்று பழகிய குழந்தை, வெள்ளைத்தாளைக் கொடுத்தவுடன் "எதைப் பார்த்து வரையணும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி நிற்பதற்கே மாதக்கணக்கில் ஆகும். மையத்தில் இந்தச் சுமை கிடையாது, அங்கே குழந்தை தரையில் படுத்துக்கொண்டே வரையலாம்.

இவ்வளவு இருந்தும் பள்ளிவழி பலன் தருமா என்றால், தருகிறது என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கிடைத்த சான்று பலமானது. 42 பள்ளிகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். நகரத்தின் கலை அமைப்புகள் எந்தப் பள்ளிகளுக்கு முதலில் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள், பள்ளிக்கே வந்து தொடர்ந்து சொல்லிக்கொடுக்கும் கலைஞர்கள், நிகழ்ச்சிகள், வெளிப்பயணம், பள்ளிக்குப் பிந்தைய வகுப்பு என்று பல வடிவங்களில் கலையைக் கொண்டுபோனார்கள். 2019-இல் வெளியான முடிவுப்படி, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் அளவு 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது, எழுத்துத்திறன் மதிப்பெண் கூடியது, மற்றவர்கள்மீது பரிவும் கூடியது. வாசிப்பிலும் கணக்கிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

அந்தக் கடைசி வரியை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பணம் கொடுப்பவர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் பேசப் போகும்போது, கலை கற்றால் கணக்கு வரும், மார்க் கூடும் என்று சொல்லிவிடத் தோன்றும். சொன்னால் வேலையும் சுலபமாக முடியும். தயவுசெய்து சொல்லாதீர்கள். 2000-ஆவது ஆண்டிலேயே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோ என்ற ஆய்வுக்குழுவைச் சேர்ந்த எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டுப் பார்த்தார்கள். கதையை நடித்துப் பார்க்கும் குழந்தைகளுக்கு மொழித்திறன் வளர்கிறது என்பது உறுதியாக நின்றது, இசைக்கும் இடம், வடிவம் சார்ந்த யோசனைக்கும் தொடர்பு தெரிந்தது, ஆனால் கலையால் பொதுவாகப் படிப்பு உயர்கிறது என்பதற்குச் சான்று நிற்கவில்லை. மார்க்கை வாக்குக் கொடுத்து உள்ளே போனால், மார்க் வராத வருடம் உங்கள் வகுப்பை நிறுத்திவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாடுவது, ஆடுவது, வரைவது எல்லாம் குழந்தையின் உரிமை. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 1989, அதன் 31-ஆவது பிரிவு பண்பாட்டு வாழ்விலும் கலைகளிலும் முழுமையாகப் பங்குகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. பணமுள்ள வீட்டுக் குழந்தை நடனம் கற்கப் போனால் அதனால் கணக்கு வருமா என்று யாரும் கேட்பதில்லையே, இந்தக் குழந்தைகளிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

வெளிப்பயணத்தை நான் முன்பெல்லாம் பொருட்படுத்தியதே இல்லை. ஒருநாள் கூட்டிக்கொண்டு போய், போட்டோ எடுத்து, திரும்ப விட்டுவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற அருங்காட்சியகம் திறந்தபோது, வர விரும்பிய பள்ளிகள் அளவுக்கு மீறிப் போனதால் குலுக்கல் போட்டார்கள், அதையே ஆய்வாக்கினார்கள், கிட்டத்தட்ட 11,000 மாணவர்கள். சுமார் ஒரு மணி நேரம்தான், நாலைந்து ஓவியங்களின் முன் நின்று பேசுவார்கள். வாரங்கள் கழித்துக் கேட்டபோதும் என்ன பார்த்தோம் என்பது நினைவில் இருந்தது, புதிய ஓர் ஓவியத்தைக் காட்டி எழுதச் சொன்னால் கூடுதலாகக் கவனித்து எழுதினார்கள், ஏழைப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் இந்த மாற்றம் இன்னும் அதிகம். அது பெருநகரம் இல்லை, அங்கே பல குழந்தைகளுக்கு அதுதான் முதல் அருங்காட்சியகம், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆக, ஒரே ஒரு நாளுக்குத்தான் உங்களிடம் வழி இருக்கிறது என்றால் அந்த ஒரு நாளைச் செய்யுங்கள், நாற்பது ஓவியத்தை ஓட்டமாகக் காட்டாமல் ஐந்தின் முன் உட்கார வையுங்கள். வருடம் முழுக்க வழியிருக்கிறது என்றால் இதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள்.

திறமைசாலிகளைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருவதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எட்டு வயதில் திறமை என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் கிடைத்த பழக்கம். வீட்டில் யாராவது பாடுகிறவர்கள் இருந்தால் குழந்தைக்குச் சுதி நிற்கும், இல்லாத வீட்டுக் குழந்தையைத் தேர்வு நாளன்று நிற்க வைத்து, இவனுக்கு வராது என்று எழுதிவிடுவோம், அந்த "வராது" அவன் காதிலும் விழும். இரண்டு வருடம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பிறகு, தீவிரமாக மேலே போக விரும்புகிற இரண்டு மூன்று பேருக்கு இதைச் செய்தால் அது வேறு விஷயம், அப்போது அது அவசியமும்கூட. வீடியோ பாடங்கள் ஆசிரியருக்கு உதவும், ஆசிரியரே இல்லாத இடத்தில் குழந்தைக்கு உதவாது. ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வேலைக்குப் போகிறவர் கையில்.

பள்ளி, மையம் என்ற இரண்டு வழிக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது. பாப் பேட்ஸ் என்ற ஓவியர் 1989-இல் தொடங்கிய 'இன்னர்-சிட்டி ஆர்ட்ஸ்'. வீடில்லாதவர்கள் தெருவில் வாழும் ஸ்கிட் ரோ பகுதிக்குப் பக்கத்தில் நிஜமான பட்டறைகளோடு ஓர் இடம், களிமண்ணுக்குத் தனியறை, நடனத்துக்குத் தனியறை. ஆனால் குழந்தைகள் சாயங்காலம் தாங்களாக வரவேண்டும் என்று காத்திருப்பதில்லை, பள்ளி நேரத்திலேயே வகுப்பு முழுவதும், வகுப்பு டீச்சரோடு அங்கே வருகிறது. பெஞ்சு நகர்த்தும் பத்து நிமிடமும் இல்லை, பக்கத்து வகுப்பின் புகாரும் இல்லை, யாரும் விடுபடவும் இல்லை. டீச்சரும் கையில் மண்ணோடு உட்காருகிறார் என்பது சின்ன விஷயமில்லை, வகுப்பில் வாயே திறக்காத பையன் பானைக்குக் கைப்பிடி ஒட்டுவதில் கெட்டிக்காரன் என்று அவர் அங்கேதான் கண்டுகொள்கிறார், மறுநாள் அவனைக் கூப்பிடும் குரலே மாறும். பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கூடம் உங்களுக்குக் கிடைத்தால், நான் மேலே சொன்ன என் முடிவை மாற்றிக்கொண்டு இதைத்தான் செய்யச் சொல்வேன். பேருந்து பிடித்துத்தான் போக வேண்டும் என்றால் வேண்டாம், பணம் முழுவதும் டீசலுக்கே போய்விடும்.

எந்தக் கலை என்பதும் இதே முடிவின் பகுதிதான். வாத்தியம் என்றால் எல்லோருக்கும் ஆசை வரும், பார்க்கவும் அழகு. ஆனால் வயலினை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள் என்றால் அந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: ஒரே அறை, ஐந்து பேர், இரவு வேலை பார்த்துவிட்டு வந்த அப்பா பகலில் தூங்குகிறார், சுவரில் ஈரம். எங்கே வைப்பது, எப்போது பயிற்சி செய்வது? தந்தி அறுந்தால் மாற்றுவது யார்? ஒரு வருடம் வாங்கிக்கொடுக்கக் கிடைக்கும் பணம் பழுதுபார்க்க மறு வருடம் கிடைக்காது. வெனிசுவேலாவில் சின்னக் குழந்தைகளுக்கு முதலில் காகிதக்கூழில் செய்த வாத்தியங்களைக் கொடுத்து, பிடிக்கவும் வரிசையில் உட்காரவும் பழக்குகிறார்கள். செலவு இல்லை, உடைந்தால் அழுகையும் இல்லை, நல்ல யோசனை. ஆனாலும் முதல் வருடத்துக்கு என்னைக் கேட்டால் நாடகம், கூட்டாகப் பாடுவது, ஆட்டம், இந்த மூன்றில் ஒன்றுதான். உடம்பும் குரலும் போதும், அலமாரியே வேண்டாம், பூட்டும் வேண்டாம். மூன்றையும் கலந்து ஒவ்வொரு மாதம் ஒவ்வொன்று என்று மட்டும் வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் ஒரு துளி காட்டினால் குழந்தைக்கு எதுவும் கைவராது, தனக்கு எதுவும் வராது என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

இரண்டு வருடம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 'ஹார்மனி புராஜெக்ட்' என்ற இலவச இசைத்திட்டத்தில் இருந்த குழந்தைகளை நரம்பியல் ஆய்வாளர் நினா கிராவுஸ் குழுவினர் தொடர்ந்து கவனித்தார்கள், 2014-இல் வெளியிட்டார்கள். 44 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஒரு வருடம் கற்றவர்களின் மூளை ஒலிகளைப் பிரித்தறிவதில் மாற்றம் தெரியவில்லை, இரண்டாவது வருடம் முடிந்தபோது தெரிந்தது, 'பா', 'கா' போல நெருங்கிய ஒலிகளைத் துல்லியமாகப் பிரித்தறிந்தது. மூளைப் படத்தை விடுங்கள், வகுப்பில் நின்று பார்த்தாலே புரியும். முதல் சில மாதம் குழந்தைகள் ஆசிரியரைச் சோதித்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஏனென்றால் அவர்களுக்கு வந்துபோகிறவர்களைத் தெரியும். ஒரு மாதத் திட்டம், கோடை முகாம், பிஸ்கட் கொடுத்துவிட்டு பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள். நாடக வகுப்பின் இரண்டாம் வாரம் ஒரு பையன் என்னிடம், "நீங்க எத்தன நாள் வருவீங்க?" என்று கேட்டான், குரலில் கோபமோ ஆசையோ இல்லை, பேருந்து எப்போது வரும் என்பதுபோலக் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல முடியாத நிலையில் யாரும் போய் நிற்கக் கூடாது.

எனவே பணத்தைப் பிரிக்கும்போது பெரும்பகுதியை ஆசிரியரின் சம்பளத்துக்கு வையுங்கள், பொருளுக்கு மிச்சத்தை வைத்தால் போதும். தொண்டு மனப்பான்மையோடு இலவசமாக வருகிறவர்கள் நல்லவர்கள், ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேறு வேலை கிடைத்தவுடன் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும், குழந்தைகளுக்கு அது இன்னொரு ஆள் போனதாகத்தான் தெரியும். பள்ளியோடு பேசும்போது வாரத்துக்கு இரண்டு பீரியட், பரீட்சை மாதத்திலும் ஒன்றாவது உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அலமாரிச் சாவி வகுப்பு டீச்சரிடம் இருக்கட்டும், பொருள் தீர்ந்தால் யாரையும் கேள்வி கேட்கமாட்டோம் என்று நீங்களே முதல் நாள் சொல்லிவிடுங்கள். ஆண்டுவிழாவுக்கு உங்கள் வகுப்பை நடன ஐட்டம் தயாரிக்கும் பட்டறையாக்கிவிடப் பார்ப்பார்கள், ஒரு நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொள்ளுங்கள், மேடையில் வகுப்பின் எல்லோரும் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பள்ளியே கதவைத் திறக்காவிட்டால், அல்லது நீங்கள் தேடுகிற குழந்தைகள் பள்ளிக்கே போகாதவர்களாக இருந்தால், மையம்தான் வழி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. அப்படியில்லாவிட்டாலும் பள்ளி வகுப்பு ஒரு வருடம் ஓடிய பிறகு, இன்னும் வேண்டும் என்று கேட்கும் குழந்தைகளுக்காகச் சாயங்காலம் ஓர் அறை அந்தப் பகுதியிலேயே வேண்டும். அந்த அறையை எப்படி அமைப்பது என்பதை எங்கள் தவறிலிருந்து சொல்கிறேன்: பதிவுப் படிவம் வேண்டாம், தாமதமாக வந்தாலும் உள்ளே விடுங்கள், இருட்டுவதற்குள் முடியுங்கள், மூலையில் ஒரு பாய் விரித்து, கிலுகிலுப்பை நாலு, உடையாத கிண்ணங்கள் கொஞ்சம் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். நாங்கள் அந்தப் பாயை விரித்தது ஒரு வருடம் கழித்துத்தான். அதற்குள் வாசலில் நின்ற அந்தப் பெண்ணும் தம்பியும் வீடு மாறிப் போய்விட்டார்கள், வேறு ஒரு அக்கா தன் தங்கையை அதில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, எந்தப் பிரஷ்ஷை எடுக்கலாம் என்று கேட்டாள்.